கேமராவைக் கொல்வது மழை இல்லை... நனைந்ததும் நாம் போடும் அந்த சுவிட்ச்தான்!

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஆடி மாதம். சங்கரன்கோவிலில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் என் பெரியப்பா மகனிடம் கெஞ்சிக் கூத்தாடி அவரோட கேமராவை ஒரு நாளைக்கு வாங்கினேன். காலேஜ் நண்பர்களோட குற்றாலம் போறோம், சாரல் சீசன், ரெண்டு நல்ல படம் எடுத்து இன்ஸ்டாவில் போடணும். அவ்வளவுதான் திட்டம்.

புளியங்குடி தாண்டும்போதே தூறல். குற்றாலத்தில் சாரல். பெருமழை எல்லாம் இல்லை. முகத்தில் பூத்தூவுற மாதிரி ஒரு மழை. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு அரை மணி நேரம் சுற்றினேன். சட்டையில் துடைத்தேன், எடுத்தேன், மறுபடி துடைத்தேன். திடீரென்று ஸ்கிரீன் அணைந்தது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து ஆஃப் செய்து ஆன் செய்தேன். ஒரு விநாடி எரிந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டி மறுபடி ஆன் செய்தேன். ரூமுக்கு வந்து சார்ஜ் போட்ட பேட்டரியை மாட்டி இன்னொரு முறை. அதுக்கப்புறம் அது எரியவே இல்லை.

பயந்துகொண்டே போன் போட்டேன். "அண்ணே, லேசா நனைஞ்சிருச்சுண்ணே..." என்று ஆரம்பித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எல, ஆன் பண்ணிப் பாத்தியா?"

மூணு தடவை பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த கேமராவுக்கு இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி இருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. சர்வீஸில் பார்த்துவிட்டு மெயின் போர்டு போய்விட்டது என்றார்கள். ஆவணி முழுக்க அண்ணன் வாடகைக் கேமராவில் ஓட்டினார்.

அவர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தக் கட்டுரையின் மொத்த விஷயமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்கிறது?

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைப் பெரிதாகக் கடத்தாது. ஆனால் கேமராவுக்குள் போகிற தண்ணீர் சுத்தமானது அல்ல. மழைத்துளி காற்றில் உள்ள தூசியோடு வருகிறது. நம் கை வியர்வை உப்போடு வருகிறது. பட்டன்களுக்கு இடையில் இருக்கும் பழைய அழுக்கையும் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. அந்தக் கலவை மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்.

கேமரா போர்டில் ஒரு இணைப்புக்கும் அடுத்த இணைப்புக்கும் நடுவே முடியளவு இடைவெளிதான். அங்கே ஒரு ஈரப் படலம் உட்கார்ந்திருக்கும்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால், போகக் கூடாத பாதையில் போகும். அதுதான் ஷார்ட். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் அரிக்கும் வேகம் பல மடங்காகிறது. மின்சாரம் இல்லாத போர்டில் அதே ஈரம் இருந்து, ஒழுங்காகக் காய்ந்துவிட்டால், பல நேரம் ஒன்றுமே ஆகாது.

அதாவது, சாரலில் நனைந்தபோது அண்ணனின் கேமரா பெரும்பாலும் பிழைக்கக்கூடிய நிலையில்தான் இருந்திருக்கும். அதை முடித்து வைத்தது நான்.

நனைந்த முதல் பத்து நிமிடம்

கேமரா கொஞ்சம் அதிகமாக நனைந்துவிட்டது என்று தெரிந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். "ஒரே ஒரு தடவை ஆன் பண்ணி, படம் இருக்கான்னு பாத்துட்டு..." வேண்டாம். படம் மெமரி கார்டில் இருக்கிறது, அது எங்கேயும் போகாது. கார்டையும் கழற்றிப் பாக்கெட்டில் வையுங்கள்.

பேட்டரி மூடியைத் திறக்கும் முன் ஒரு விஷயம். வெளிப்புறத்தில் நிற்கும் தண்ணீரை முதலில் ஒற்றி எடுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திறந்ததும் அது நேராக உள்ளே வழியும். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். தேய்த்தால் தண்ணீர் பட்டன் இடுக்கில் ஏறும், தூசி இருந்தால் லென்ஸிலும் கீறல் விழும். நான் சட்டையில் துடைத்தேனே, அது ரெண்டுக்கும் வழி செய்தது.

அடுத்தது ஜூம். நனைந்த லென்ஸை முன்னும் பின்னும் திருகாதீர்கள். நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ் ஒரு பம்ப் மாதிரி. நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அதோடு குழல் மேல் ஒட்டியிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். முதலில் குழலைத் துடைத்துவிட்டு, பிறகு சுருக்குங்கள்.

லென்ஸைக் கழற்றுவதாக இருந்தால் மழைக்கு ஒதுங்கிய, காற்றடிக்காத இடத்தில், கேமராவின் வாய் கீழே பார்க்கிற மாதிரி பிடித்துக் கழற்றுங்கள். உள்ளே ஈரம் தெரியவில்லை என்றால் உடனே மூடியைப் போட்டு மூடிவிடலாம்.

ஹேர் டிரையர்? கூடாது. சூடான காற்று தண்ணீரை வெளியே தள்ளுவதைவிட உள்ளே தள்ளும். ரப்பரும் பசையும் இளகும். மொட்டை மாடி வெயிலிலும் காய வைக்க வேண்டாம். ஃபேன் காற்று போதும். மேற்புறம் காய்ந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு ரெண்டு நாள் விட்டுவிடுங்கள். ரெண்டு நாள் ஆன் செய்யாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை!

கடல் தண்ணீர் என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். திருச்செந்தூர் கரையில் அலை அடித்துவிட்டது என்றால், ரெண்டு நாள் காத்திருப்பதே தப்பு. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போர்டில் தங்கிவிடும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து அரித்துக்கொண்டே இருக்கும். பேட்டரியைக் கழற்றி, அன்றைக்கே சர்வீஸுக்கு ஓட வேண்டும். தண்ணீருக்குள் விழாமல், கடற்கரையில் வெறும் காற்று வாங்கிய கேமராவையும் வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரப்படுத்திப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைப்பது நல்லது.

அரிசி டப்பாவுக்குள் போடலாமா?

நம் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான். அரிசி ஈரத்தை இழுக்கும் என்பது உண்மைதான், ஆனால் மிக மிக மெதுவாக. திறந்த இடத்தில் ஃபேனுக்குக் கீழே வைப்பதைவிட அது மேலான வழி இல்லை. அரிசித் தூசியும் மாவும் துளைகளுக்குள் போய் ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். 2024-ன் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில், நனைந்த ஐபோனை அரிசிக்குள் வைக்காதீர்கள், அரிசித் துகள் போனைக் கெடுக்கும் என்று எழுதியது. கேமராவில் துளைகளும் இடுக்குகளும் போனைவிட அதிகம். அரிசியை இட்லிக்கே விட்டுவிடலாம்.

'வெதர் சீல்டு' கேமராதானே, என்ன ஆகப் போகுது?

இது பெரிய குழப்பம். போன் வாங்கும்போது ஐபி68 என்று ஒரு எண் சொல்கிறார்கள் இல்லையா? அது சர்வதேசத் தரம். முதல் எண் தூசிக்கு, ரெண்டாவது எண் தண்ணீருக்கு. இந்த அளவு தண்ணீரில் சோதித்தோம் என்று பொறுப்பேற்றுச் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலான கேமராக்களில் அப்படி எந்த எண்ணும் கிடையாது. 'வெதர் சீல்டு', 'வெதர் ரெசிஸ்டன்ட்' என்பது கம்பெனி தரும் வர்ணனைதான். ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 போன்ற சில கேமராக்களே ஐபி53 என்று எண்ணோடு வருகின்றன. அந்த 3-கூட மேலிருந்தும் ஓரளவு சாய்வாகவும் தெளிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்றுதான் பொருள். முக்கி எடுக்கலாம் என்று பொருள் இல்லை.

சீலிங் என்பது உடம்பின் மூட்டுகளில் வைக்கும் ரப்பர் வளையம். பாடியில் அது இருந்து, மாட்டியிருக்கும் கிட் லென்ஸில் இல்லை என்றால், வீட்டுக்குக் கதவு வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து போட்ட கதைதான். உங்கள் லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் ஓரம் தெரிகிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். இல்லை என்றால் உங்கள் கேமரா மழைக்கு ஆனது இல்லை, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. சில லென்ஸ்களில் முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் சீலிங் முழுமையாகும்.

வீடியோ எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மைக் வயரோ எச்டிஎம்ஐ கேபிளோ செருகியதும் பக்கவாட்டு ரப்பர் மூடி திறந்துதான் இருக்கும். அந்த நிமிடத்திலிருந்து சீலிங் இல்லை. ஃபிளாஷ் மாட்டும் மேல் தகடும் தண்ணீர் விரும்பி நுழையும் இடம். ட்ரோனைப் பற்றி ஒரே வரி: கல்யாண வீடுகளில் பறக்கும் சின்ன ட்ரோன்களுக்கு ஐபி எண்ணே கிடையாது, தூறல் விழுந்தால் இறக்கிவிடுங்கள்.

வாரன்டியை நம்பாதீர்கள். தண்ணீரால் வந்த பழுது பொதுவாக அதில் வராது.

பத்து ரூபாய் ஷவர் கேப்

கேமராவுக்கென்றே ரெயின் கவர் விற்கிறார்கள், வாங்க முடிந்தால் வாங்கலாம். ஆனால் லாட்ஜில் சும்மா கொடுக்கும் ஷவர் கேப் ஒன்று பேக்கில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஓரத்தில் எலாஸ்டிக் இருப்பதால் கேமரா பாடி மேல் கச்சிதமாக உட்காரும். நீளமான லென்ஸ் என்றால் ஒரு பெரிய பாலித்தீன் கவரின் அடியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ஹூட் மேல் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடலாம். கையை விட கவரின் வாய்ப்பக்கம் இருக்கிறது. ஹூட் கட்டாயம் மாட்டுங்கள். வெயிலுக்கு மட்டும் அல்ல, முன் கண்ணாடியில் துளி விழாமல் இருக்கவும் அதுதான் கூரை.

அதைவிட நல்லது குடை பிடிக்க ஒரு ஆள். ட்ரைபாடில் குடையைக் கட்டி நிறுத்தும் ஐடியா எல்லாம் எங்கள் ஊர்ப் பக்கம் ஆடி மாதம் எடுபடாது. அம்மி பறக்கிறதோ இல்லையோ, ட்ரைபாட் பறக்கும்.

துண்டு ரெண்டு வேண்டும். ஒன்று உங்கள் கைக்கும் தலைக்கும், இன்னொன்று கேமராவுக்கு மட்டும். முடியிலிருந்து சொட்டும் தண்ணீரும் ஈரக் கையும்தான் வ்யூஃபைண்டர் பக்கம் அதிகமாக ஈரம் சேர்க்கின்றன. லென்ஸ் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியை சட்டைக்கு உள்ளே, காய்ந்த இடத்தில் வையுங்கள். மழையில் லென்ஸ் மாற்றாதீர்கள். எந்த லென்ஸ் வேண்டும் என்று கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் கவருக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. உள்ளே கேமரா சூடாகும், நம் கை வியர்க்கும், அந்த ஆவி வெளியே போக வழி இருக்காது. கொஞ்ச நேரத்தில் கவருக்குள் ஒரு குட்டி மழைக்காலமே உருவாகிவிடும். ஷூட் முடிந்ததும் கவரைக் கழற்றிவிட வேண்டும். நனைந்த கவரை மடித்து அதே பேக்கில் கேமராவோடு வைத்து ஜிப் போட்டு ஊர் வந்து சேர்வது, நனையாமல் காப்பாற்றிய கேமராவை நாமே நனைப்பதற்குச் சமம்.

மழையே இல்லாமல் நனையும் கேமரா

நன்னாரி சர்பத் கடையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வெளியே வந்ததும் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலுக்குள் இருந்து தண்ணீர் வருவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துவரும் கேமராவுக்கும் இதேதான் நடக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. வெளியே 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் இது சாதாரணம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளில் பட்டாலும் அதன் மேல் தண்ணீராகப் படியும். இந்த 26-ஐத்தான் பனிநிலை என்கிறார்கள். ஏசி மண்டபத்தில் ஒரு மணி நேரம் இருந்த கேமரா 22, 23 டிகிரியில் இருக்கும். மாப்பிள்ளை அழைப்புக்கு வாசலுக்கு ஓடியதும் லென்ஸ் வெள்ளையாகிவிடுகிறது. முன்னால் படிந்ததைத் துடைத்துவிடலாம். உள் கண்ணாடியிலும் சென்சார் முன்பும் படிவதை என்ன செய்வீர்கள்? அந்தப் பதற்றத்தில்தான் பலர் லென்ஸைக் கழற்றி ஈரக்காற்றை உள்ளேயும் விடுகிறார்கள்.

வழி ரொம்ப எளிது. ஏசிக்குள் இருக்கும்போதே கேமராவை ஜிப்லாக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். வெளியே வந்த பிறகு அரை மணி நேரம், முடிந்தால் இன்னும் கொஞ்சம், கவரைத் திறக்காமல் விடுங்கள். ஈரம் கவரின் வெளிப்புறத்தில் படியும், கேமரா காய்ந்தபடியே சூடாகிவிடும். அரை மணி நேரம் எங்கே கிடைக்கும் என்று கல்யாண போட்டோகிராஃபர்கள் சிரிப்பார்கள். நியாயம்தான். அப்படி என்றால் வெளி ஷூட்டுக்கு ஒரு கேமராவை மண்டபத்தின் ஏசி இல்லாத ரூமில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். குற்றாலத்தில் ரூம் போடுபவர்கள் ராத்திரி ஏசியைப் போட்டுக்கொள்ளட்டும், கேமராவுக்கு வேண்டாம்.

ஆடியும் மார்கழியும்

இதுவரை சொன்னது எல்லாம் ஒரே நாளில் கேமராவைக் கொல்பவை. சத்தமில்லாமல் கொல்வது ஒன்று இருக்கிறது: ஃபங்கஸ். லென்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் பூஞ்சை வளர என்னென்ன வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் மூன்று நாளுக்கு மேல் இருக்க வேண்டும். காற்றோட்டம் கூடாது. இருட்டு வேண்டும். வெப்பம் 10 முதல் 35 டிகிரி. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் துணி நூல், எண்ணெய்ப் பிசுக்கு, தூசி.

இந்தப் பட்டியலை முதல் முறை படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பீரோவில் வைத்துப் பூட்டிய கேமரா பேக். எல்லாமே அங்கே இருக்கிறது!

இப்போது நம் காலண்டரைப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை. மார்கழியிலும் இல்லை. ஆடி என்பது குற்றாலம், தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் விடாமல் பிடிக்கும் மாதம். மார்கழி என்பது ஐப்பசி, கார்த்திகை என ரெண்டு மாத மழையில் கேமரா நனைந்து காய்ந்து வந்து, பனி கொட்டும் மாதம். முகூர்த்தம் இருக்கும் மாதங்களில் கேமரா வாரம் ரெண்டு முறை வெளிச்சத்தையும் காற்றையும் பார்க்கிறது. சரியாக ஈரம் உச்சத்தில் இருக்கும் இந்த ரெண்டு மாதங்களில்தான் பேக்கில் போட்டு மூடி வைக்கிறோம். தையிலோ ஆவணியிலோ எடுத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை.

சங்கரன்கோவிலுக்கு இதில் தனிக்கதை ஒன்று உண்டு. ஊரே திரளும் ஆடித்தபசு. தபசு அன்று மாலை ஒற்றைக் காலில் தவமிருக்கும் கோமதி அம்மனுக்கு சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும்போது, விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த பருத்தி, வத்தல், நெல் என்று அள்ளி சூறை விடுவார்கள். படம் எடுப்பவர்களுக்கு வருடத்தின் மிகச் சிறந்த காட்சி அது. அதே நேரத்தில் பஞ்சு பறக்கிறது, தூசி பறக்கிறது, கூட்டத்தில் வியர்வை ஊற்றுகிறது. மழை ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் கேமரா பஞ்சும் பிசுக்கும் ஈரமுமாக வீடு வரும். அதைத் துடைக்காமல் பேக்கில் வைத்தால், ஆடியின் மிச்ச நாள் முழுக்கப் பூஞ்சைக்குச் சாப்பாடு போட்டது மாதிரி. தபசு முடிந்த ராத்திரியே பிரஷ்ஷால் தட்டி, ப்ளோயரால் ஊதி, துடைத்து வைக்க வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

உங்கள் லென்ஸில் ஃபங்கஸ் இருக்கிறதா? லென்ஸைக் கழற்றுங்கள். ரெண்டு பக்க மூடியையும் எடுங்கள். இருட்டில் ஒரு பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, மறுபக்கமிருந்து சாய்த்துப் பாருங்கள். தூசி புள்ளிபுள்ளியாகத் தெரியும், அது பிரச்சினை இல்லை. வேர் மாதிரி, நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் அதுதான். ஆரம்பத்திலேயே கொடுத்தால் சுத்தம் செய்துவிடலாம். விட்டுவிட்டால் பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், பிறகு பூஞ்சையைத் துடைத்தாலும் தழும்பு போகாது.

சரி, எப்படி வைப்பது? பேக் என்பது எடுத்துப் போகத்தான். வைப்பதற்கு அல்ல. ஸ்பாஞ்சும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பாத்திரக் கடையில் கிடைக்கும், ரப்பர் ஓரத்தோடு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் கொஞ்சம், ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று. மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நல்லது. 60 தாண்டினால் ஜெல்லை மாற்ற வேண்டும். ரொம்பக் காய்ந்து 30-க்குக் கீழே போனாலும் ரப்பருக்கும் மசகுக்கும் நல்லதில்லை. நிறைய லென்ஸ் இருக்கிறது என்றால் கரண்டில் ஓடும் டிரை கேபினெட் வாங்கலாம். ஸ்டூடியோக்காரர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை என்பது என் கருத்து.

சிலிக்கா ஜெல்லைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. ஆரஞ்சு நிற மணிகள் ஈரம் குடித்ததும் பச்சையாகும். ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் ரெண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். நீல நிறத்தில் இருந்து ரோஸாக மாறும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதில் நிறத்துக்காகச் சேர்க்கும் கோபால்ட் குளோரைடு உடம்புக்கு ஆகாதது.

ஆடியிலும் மார்கழியிலும் வாரம் ஒருநாள் கேமராவை எடுத்து நாலு படம் எடுங்கள். வீட்டுப் பூனையை எடுத்தாலும் சரி.

2023 டிசம்பர்

நம் பக்கத்துக்காரர்களிடம் ஈரம் பற்றிப் பேசிவிட்டு 2023 டிசம்பர் 17, 18-ஐப் பேசாமல் இருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தமிழ்நாட்டுக்கு ஒரு வருடத்துக்குக் கிடைக்கும் சராசரி மழை கிட்டத்தட்ட அவ்வளவுதான். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுவிட்டது. அந்த நாட்களில் களத்தில் இருந்த செய்தியாளர்களும் வீடியோகிராஃபர்களும் இடுப்பளவு தண்ணீரில் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

1983-ல் குஜராத்தின் போர்பந்தரில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. கழுத்தளவு மழை வெள்ளத்தில் ஒரு டெய்லர், தோளில் தையல் மெஷின், முகத்தில் சிரிப்பு. வெள்ளம் வந்தால் முதலில் தொழில் கருவியைத்தான் தூக்குவோம். ஆனால் ஒரு ஸ்டூடியோவில் தூக்க வேண்டிய முதல் பொருள் கேமரா இல்லை, ஹார்டு டிஸ்க். கேமராவைக் கடன் வாங்கியாவது மறுபடி வாங்கலாம். ஆல்பம் போட்டுக் கொடுக்காத கல்யாணம் அந்த டிஸ்க்கில் இருந்தால்? அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? டிஸ்க்குகள் தரையிலோ மேஜைக்குக் கீழேயோ இருக்கக் கூடாது. ஒரு காப்பி கடையில், இன்னொரு காப்பி வேறு தெருவில் இருக்கும் வீட்டில், முடிந்தால் மாடியில்.

கேமரா போன்ற கருவிகளுக்குத் தனிக் காப்பீடு பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் கிடைக்கிறது. எடுக்கும்போது வெள்ளம், தண்ணீரில் விழுதல் ரெண்டும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். துரு, பூஞ்சை மாதிரி மெதுவாக வரும் சேதம் பொதுவாக அடங்காது.

இன்னொன்று. 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் சில நிமிடங்களில் வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். மேலே மலையில் பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கினாலோ, போலீஸ் விசில் அடித்தாலோ, ஷாட்டை விட்டுவிட்டு ஏறிவிடுங்கள். ட்ரைபாடை எடுக்கத் திரும்பாதீர்கள்.

என்கிட்ட கேமரா இல்லை, போன்தான்...

பெரும்பாலோர் அப்படித்தான். ஐபி68 போன் என்றால் சாரலில் தைரியமாக எடுக்கலாம். ஆனால் அந்தச் சோதனை நடப்பது அசையாத நல்ல தண்ணீரில், புது போனில். அருவி அசையாத தண்ணீர் இல்லை. வேகமாகப் பீய்ச்சும் தண்ணீருக்கான சோதனைக்கு வேறு எண், அது 5 அல்லது 6. 8 என்று போட்டிருப்பதால் 6-க்கும் பாஸ் என்று பொருள் இல்லை. ரெண்டு வருடம் பழகிய, ஒருமுறை கீழே விழுந்த, டிஸ்ப்ளே மாற்றிய போனின் ரப்பர் பழைய ரப்பர் இல்லை. உள்ளே தண்ணீர் பட்டால் நிறம் மாறும் ஒரு சின்ன ஸ்டிக்கரும் பல போன்களில் இருக்கிறது. அது சிவந்திருந்தால் வாரன்டி பேச்சு அதோடு முடிந்தது. நனைந்த போனைச் சார்ஜில் போடாதீர்கள். அது என் கதைதான், வேறு கருவியில்.

அண்ணனுக்கு அந்தக் கேமராவின் பாதிப் பணத்தை என் முதல் ஆறு மாதச் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். பாதி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது ஸ்டூடியோ மாடியில் ஒரு டிரை கேபினெட் இருக்கிறது. போன வாரம் ஊருக்குப் போனபோது அதன் மீட்டர் 46 காட்டியது. கண்ணாடி வழியாகப் புதுக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்த ஆடிக்கும் குற்றாலம் போறோம்ணே" என்றேன். அண்ணன் கேபினெட் சாவியை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.